சூடம் அணைக்காத கை

பெரியம்மாள் அந்த வாக்கியத்தைக் கொழுந்து கிள்ளிக்கொண்டே மூன்று நாளில் மனப்பாடம் செய்துவிட்டாள். பெரிய எழுத்தில் நான் எழுதிக் கொடுத்த தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். நிரையின் கோடியில் கூடையை இறக்கும்போது எடுத்துப் பார்ப்பாள். பிறகு அடுத்த நிரை முடியும்வரை உதடு அசைந்துகொண்டே இருக்கும். பக்கத்து நிரையில் கிள்ளிய குருவம்மாள், "என்ன மெம்பரு, செடிக்கெல்லாம் சத்தியம் பண்ணிக் குடுக்கியா?" என்று கேட்க, மொத்த வயலும் சிரித்ததாம். அது டிசம்பர் மாதம். அந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததாக அதற்குப் பிறகு நான் கேள்விப்படவில்லை.

தேவிகுளத்திலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷன். நான் ஏழு வருடம் வெளிநாடுகளில் சுற்றிவிட்டு நவம்பரில்தான் திரும்பியிருந்தேன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் என் அண்ணன் வீடும் பெரியம்மாள் வீடும் ஒட்டு வீடுகள். நடுவில் ஒற்றைச் சுவர். அவள் தன் கணவனுக்குக் கஞ்சி ஊட்டும் கரண்டிச் சத்தம் எங்கள் அடுப்படியில் கேட்கும். நான் அவளை அத்தை என்று கூப்பிடுவேன். ஐம்பத்தொரு வயது. பதினேழு வயதிலிருந்து கொழுந்து எடுப்பவள். பஞ்சாயத்துத் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, நிற்க வேண்டியவள் இவள்தான் என்று சொன்னவர் முனீஸ்வரன் கோயில் கமிட்டித் தலைவர் மொக்கையன். மானேஜர் முன்னால் முகத்தைப் பார்த்துப் பேசக்கூடிய பெண் வேறு யார் என்று கேட்டார். அவளுடைய வேட்பு மனுவை முனீஸ்வரன் காலடியில் வைத்து எடுத்த பிறகுதான் கமிட்டி அதைப் பஞ்சாயத்து ஆபீசுக்கு அனுப்பியது. குருவம்மாள் மொக்கையனின் மனைவி. வீடு வீடாக ஓட்டுக் கேட்டுப் போனதில் பாதி நடை அவள் நடந்தது.

ஜெயித்த மறுவாரம் உறுதிமொழி. மலையாளத்திலோ தமிழிலோ எடுக்கலாம். அத்தைக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். எழுதிக் கொடுக்கச் சொல்லி என்னிடம் வந்தாள். அரசியலமைப்பின்மீது நம்பிக்கையும் பற்றும் கொண்டிருப்பேன், நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பேன், என் கடமையை அச்சமின்றிச் செய்வேன் என்று போகும் அந்த வாக்கியத்தின் முடிவில் இரண்டு வழி உண்டு. கடவுளின் பெயரால் ஆணையிடுகிறேன் என்று முடிக்கலாம். உளமார உறுதி கூறுகிறேன் என்றும் முடிக்கலாம். இரண்டையும் எழுதி, விருப்பமானதைச் சொல்லலாம் என்றேன்.

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாமி பேரச் சொல்லாம விட்டாலும் சட்டம் ஒத்துக்கிடுமா?"

"ஒத்துக்கும் அத்தை. ரெண்டும் ஒண்ணுதான். உங்க இஷ்டம்."

"யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்களா?"

"கேக்க யாருக்கும் உரிமை இல்ல."

அவள் பென்சிலை வாங்கி முதல் முடிவை அடித்தாள். எழுத்து தெரியாதபடி, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி அடித்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். எங்கெங்கோ நாட்டு எல்லைகளில் படிவத்தில் மதம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, அதற்காக மணிக்கணக்கில் உட்கார வைக்கப்பட்டவள் நான். என் லயத்திலேயே எனக்கு ஒரு துணை கிடைத்துவிட்டாள் என்று நினைத்தேன். யோசித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் தண்ணீர் கொண்டுபோய் முனீஸ்வரன் பீடத்தைக் கழுவுகிறவள் அவள்.

அவள் கணவன் பாண்டித்துரையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் டிவிஷனில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. பத்து வருடத்துக்கு முன்பு ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. கொழுந்து லாரியும் ஆபீஸ் ஜீப்பும் இறங்காதபடி காலையில் கொண்டையூசி வளைவில் மறியல் செய்வதென்று லயத்து ஆட்கள் முடிவு செய்திருந்தார்கள். வெளியே யாருக்கும் தெரியாது. ஆனால் அவர்கள் போனபோது போலீஸ் முன்பே வந்து நின்றிருந்தது. ஏழு பேரைப் பிடித்தார்கள். மொக்கையனின் மகன் வீரபாண்டிக்கு லத்தியடியில் முழங்கால் சிதறியது. இருபத்திரண்டு வயது அவனுக்கு. இன்றைக்கும் காலை இழுத்துத்தான் நடக்கிறான். அதனால் தோட்ட வேலை இல்லாமல் திருப்பூருக்குப் போய்விட்டான்.

யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாண்டித்துரை தோட்ட ஆபீசில் வாச்சர், காவல் வேலை. எல்லோர் கண்ணும் அவர்மேல் விழுந்தது. எங்கள் லயங்களில் இப்படிப்பட்ட வழக்குக்குப் போலீசும் இல்லை, கோர்ட்டும் இல்லை. முனீஸ்வரன் முன்னால் சூடம் ஏற்றி, "நான் செய்யவில்லை" என்று சொல்லி உள்ளங்கையால் அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் அதற்குமேல் யாரும் கேட்கக் கூடாது. பொய் என்றால் சாமி பார்த்துக்கொள்ளும். பாண்டித்துரை குளித்து ஈர வேட்டியோடு வந்து வலது கையால் அணைத்தார். பதினோராம் நாள் ஆபீஸ் வாசலில் விழுந்தார். வலது பக்கம் முழுவதும் போயிற்று. பேச்சும் போயிற்று. அணைத்த கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. டிவிஷனுக்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும். ஆனால் சாமியே தண்டித்துவிட்டதால் அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தை யாரும் ஒதுக்கவில்லை. மொக்கையன்கூட அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

உறுதிமொழி நாளன்று இரண்டு ஜீப் நிறைய ஆட்கள் போனோம். வயதில் மூத்த உறுப்பினர் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க, ஒவ்வொருவராக வந்து வாசித்தார்கள். பெரியம்மாள் ஆறாவது. வெள்ளையில் நீலக் கரை போட்ட சேலை கட்டியிருந்தாள். தாளைக் கையில் பிடித்திருந்தாள், பார்க்கவில்லை. எங்கேயும் தடுமாறவில்லை. "உளமார உறுதி கூறுகிறேன்" என்று முடித்துக் கையெழுத்துப் போட்டாள். நான் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். சுற்றிக் காட்டியபோது மொக்கையன் சட்டகத்துக்குள் வந்தார். ஒரு கையில் சாமந்தி மாலை, மறு கையில் கோயில் விபூதிப் பொட்டலம். அவர் முகம் என்னவாயிற்று என்று அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. பிறகு பலமுறை பார்த்திருக்கிறேன்.

வெளியே வந்தபோது சாமந்தி மாலை ஜீப்பின் கண்ணாடியில் மாட்டியிருந்தது. மொக்கையன் பஸ் ஏறிப் போய்விட்டதாக டிரைவர் சொன்னான். பக்கத்து வார்டு மெம்பர் ஜோபி அத்தையிடம் வந்து, "சேச்சி, நான் கர்த்தர் பேரைச் சொன்னேன், நீங்க ஒருத்தர் பேரும் சொல்லல. சர்க்கார் தரப்போற சாயா ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்" என்றார். அவள் சிரிக்கவில்லை.

அன்று மாலையே அந்தப் படத்தை நான் இணையத்தில் போட்டேன். அவளைக் கேட்கவில்லை. "சாமி பெயரைச் சொல்லாமல் பதவியேற்ற தோட்டத் தொழிலாளி" என்று தலைப்பும் கொடுத்தேன். நாற்பது விநாடிப் படம். இரண்டு நாளில் அது எங்கெங்கோ போய்விட்டது. முன்பின் தெரியாதவர்கள் அவளைப் புரட்சிப் பெண் என்றார்கள். வேறு முன்பின் தெரியாதவர்கள் நாட்டைவிட்டுப் போகச் சொன்னார்கள். டவுனில் ஒரு பகுத்தறிவுச் சங்கம் பொன்னாடை போர்த்தக் கூப்பிட்டது. அவள் போகவில்லை. இவள் எந்தச் சபையில் சேர்ந்திருக்கிறாள் என்று லயத்தில் ஒரு கேள்வி கிளம்பியது. பணம் வாங்கிக்கொண்டு வேதத்துக்கு மாறிவிட்டாள் என்று ஒரு வாரத்தில் அதற்குப் பதிலும் வந்துவிட்டது. மாறியவள் எதற்காகக் கர்த்தர் பேரையும் சொல்லாமல் விட்டாள் என்று யாரும் யோசிக்கவில்லை. நான் படத்தை எடுத்துவிட்டேன். அதற்குள் எல்லோர் கைப்பேசியிலும் அது இருந்தது.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் கமிட்டி கூடியது. அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். நான் கூப்பிடாமலே போனேன். நம்பிக்கை அவரவர் சொந்த விஷயம், கடவுள் பெயரைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, அரசியலமைப்பே அப்படித்தான் சொல்கிறது என்று ஏற்ற இறக்கத்தோடு பேசினேன். யாரும் என்னை அதட்டவில்லை. மொக்கையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

"சாமி பேரச் சொன்னவன் தப்புப் பண்ணுனா சாமி கேக்கும். பேரே சொல்லாதவள யாரு கேக்குறது, பிரியா?"

"சட்டம் கேக்கும் மாமா."

"எம்மவன் காலு போனப்ப சட்டம்தான் வந்து லத்திய வச்சிக்கிட்டு நின்னுச்சு. அதுக்கப்புறம் இந்த மேட்டுக்குச் சட்டம் வந்து நான் பாக்கல. நாங்க சாமிய நம்பி ஓட்டுப் போட்டோம். அவ சாமிய ஒளிச்சிட்டுப் போய் நாற்காலியில உக்காந்திருக்கா."

லத்தி பிடித்தவனையும் கோர்ட்டில் நிறுத்தலாம் என்று ஆரம்பித்தேன். அதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிருந்தது.

கமிட்டி கேட்டது ஒன்றுதான். முனீஸ்வரனைக் கைவிடவில்லை என்று அவள் சூடம் அணைக்க வேண்டும். அணைத்தால் எல்லாம் பழையபடி. இல்லையென்றால் தலைக்கட்டிலிருந்து அவள் வீட்டை எடுத்துவிடுவார்கள். எங்களிடம் அதற்கு ஒரே பொருள். அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு டிவிஷன் போகாது. நல்லதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பாண்டித்துரை மார்கழியிலிருந்தே கஞ்சி இறங்காமல் கிடந்தார். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். மேல் டிவிஷனில் யார் செத்தாலும் ஆண்கள்தான் குழி வெட்டுவார்கள். இடுகாடு ஓடைக்கு அந்தப் பக்கம், வண்டி போகாத இரண்டு மைல். தோள் மாற்றி மாற்றித் தூக்கப் பதினாறு பேராவது வேண்டும்.

பெரியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் சாமிய விடல. ஆனா சூடம் அணைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அவளுடைய மகள் சிவசங்கரி மூணாறில் ஒரு ரிசார்ட்டில் வேலை பார்க்கிறாள். பத்தொன்பது வயது. செய்தி கேட்டு லீவு போட்டு வந்தாள். அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அழுவதும் கெஞ்சுவதும் கேட்டது. ஒரு சூடம்தானேம்மா, விடலைன்னுதானே சொல்ற, அதையே அங்க போய்ச் சொல்றதுக்கென்ன, அப்பாவைத் தூக்க ஆள் வேணாமா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பதிலுக்குக் கஞ்சிக் கரண்டிச் சத்தம்தான் கேட்டது. எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. கடவுளை நம்பாதவள் அணைக்க மறுத்தால் புரியும். இவள் நம்புகிறாள். பிறகு ஏன் மறுக்கிறாள்? நான் போய்க் கேட்கவில்லை. கேட்க யாருக்கும் உரிமை இல்லை என்று நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

மாசி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, மஸ்டரில் பெயர் கொடுக்க ஆட்கள் போய்க்கொண்டிருந்த நேரத்தில் பாண்டித்துரை செத்துப்போனார்.

மேல் டிவிஷனில் சாவு விழுந்தால் அன்றைக்குக் கொழுந்து எடுக்க மாட்டார்கள். கூடையோடு போனவர்கள் திரும்பிவிடுவார்கள். அன்றைக்கு யாரும் திரும்பவில்லை. எங்கள் முற்றத்திலிருந்து பார்த்தால் எதிர்ச் சரிவில் பெண்கள் வரிசையாகக் கிள்ளுவது தெரிந்தது. சிவசங்கரி அப்பாவின் மடங்கிய கையை நீட்டப் பார்த்தாள். அது நீளவில்லை. என் அண்ணன் வாசல் வரைக்கும் வந்து நின்றுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பத்து மணிக்குப் பெரியம்மாள் எழுந்தாள். தலையை முடிந்துகொண்டு கோயிலுக்கு நடந்தாள். நானும் சிவசங்கரியும் பின்னால் போனோம். மொக்கையனும் கமிட்டி ஆட்கள் நாலைந்து பேரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் அன்றைக்கு வேலைக்குப் போயிருக்கவில்லை. பித்தளைத் தட்டில் சூடம் தயாராக இருந்தது. அவள் வருவாள் என்று காத்திருந்திருக்கிறார்கள். மொக்கையன் எழுந்து நின்றார்.

"வாத்தா. அணைச்சிட்டுப் போ. ஆளுக மம்பட்டியோட நிக்கிறானுக. நானே பாடையில முன்கால் தூக்குறேன்."

அவள் தட்டைப் பார்க்கவே இல்லை.

"அண்ணே, வீரபாண்டி கால நொண்டியாக்குனது எம் புருஷன் இல்ல. நான்."

அவள் சொன்னது இதுதான். அந்தக் காலத்தில் காலையில் வயலுக்குப் போகுமுன் பீல்டு ஆபீசர் பங்களாவில் பாத்திரம் கழுவி வந்தாள். ஆபீசரின் சின்ன மகன் ஆபீஸ் ஜீப்பில்தான் பள்ளிக்கூடம் போவான். மறியலுக்கு முந்தின நாள் அவன் அம்மாவிடம், நாளைக்கு மட்டும் சின்னவனை ஜீப்பில் அனுப்பாதீங்கம்மா என்று சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். கல் விழுந்தால் பிள்ளைமேல் விழுமே என்று நினைத்தாள். அந்த அம்மா புருஷனிடம் சொன்னாள். புருஷன் போலீசுக்குச் சொன்னான். லயம் முழுக்கப் பாண்டித்துரையைக் குற்றம் சொன்னபோது, அவர் சூடம் அணைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும், அவர்தான் செய்யவில்லையே, சாமி அவரை ஒன்றும் செய்யாது என்று நம்பி வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"அவரு உண்மையச் சொல்லித்தான் கைய வச்சாரு. பொய்யி எங்கிட்ட இருந்துச்சு. ஒரே வீடு, ஒரே அடுப்பு. சாமிக்கு ஆளு மாறிப்போச்சு." குரல் உடையவில்லை. வாக்கியத்தை மனப்பாடம் செய்தபோது இருந்த அதே குரல். "அவர்ட்ட சொல்லிட்டேன், அந்த வருஷமே. மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. ரெண்டு நாளு கஞ்சி வாங்கல. மூணாம் நாளு வாயத் தொறந்தாரு. இனி நான் சாமி பேரச் சொல்லி ஒண்ணு சொன்னா, அது அடுத்து யாரப் புடிக்கும்? எனக்கு மிச்சம் இவ ஒருத்திதான்." சிவசங்கரியைக் கைகாட்டினாள். "அதுக்காகத்தான் அங்கயும் சொல்லல. நீங்க நினைக்கிற எதுக்காகவும் இல்ல."

நான் சிவசங்கரியைப் பார்த்தேன். அவள் அம்மாவிடமிருந்து இரண்டு அடி விலகி நின்றிருந்தாள்.

 மொக்கையன் கையிலிருந்து துண்டு விழுந்திருந்தது, எடுக்கவில்லை. பிறகு அவர் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. பெரியம்மாள் எதிர்பார்த்திருப்பாள் என்று தோன்றுகிறது.

"இது நெசம்னு நான் எப்படி நம்புறது? புருஷன் பேரக் கழுவணும்னு சொல்லலாம். தூக்க ஆளு வரணும்னு சொல்லலாம். நெசம்னா சூடத்த அணைச்சிச் சொல்லு."

"மாட்டேண்ணே."

"வெறும் வாய்ச்சொல்ல வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய? அணைச்சிச் சொல்லு தாயி. சொன்னா அவனத் தூக்கிட்டுப் போய்க் குழியில வச்சிட்டு, அங்கயே மண்ணுல விழுந்து அவங்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

அவர் கெஞ்சினார். அதைச் சொல்லியாக வேண்டும். அந்த நேரத்தில் அந்த இடத்தில் கெஞ்சியவர் அவர்தான். சூடத்தை ஏற்றி, தட்டை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். சூடம் எரிந்துகொண்டிருந்தது. பெரியம்மாள் வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். சூடம் தானாக எரிந்து அணைந்தது.

டவுனில் உள்ள பொது மயானத்துக்கு ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்தது ஜோபி. லயத்திலிருந்து ரோட்டுக்கு இறக்க ஜோபி, அவர் டிரைவர், ஆம்புலன்ஸ்காரர் இரண்டு பேர். ஐந்தாவதாக நான் பிடித்தேன். பெண்பிள்ளை தூக்கக் கூடாது என்று சொல்லவும் அங்கே ஆள் இல்லை. உயரமான ஆள் பாண்டித்துரை, பத்து வருடத்தில் ஒன்றுமில்லாமல் ஆகியிருந்தார். கனமே இல்லை. மயானத்தில் யார் கொள்ளி வைப்பது என்று கேட்டார்கள். சிவசங்கரி வைத்தாள். அங்கிருந்து நேராக ரிசார்ட்டுக்குப் போய்விட்டாள். அம்மாவிடம் அவள் பேசியது அன்று காலையோடு சரி. மாதம் ஒருமுறை எனக்குப் போன் செய்து, மாத்திரை சாப்பிடுதா என்று மட்டும் கேட்கிறாள். யார் என்று சொல்வதில்லை.

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. பெரியம்மாள் சொன்னதை நம்பியவர்கள் வீரபாண்டியின் காலுக்காக அவளிடம் பேசுவதில்லை. நம்பாதவர்கள் சாமிக்காகப் பேசுவதில்லை. வயலில் அவளுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு நிரையைக் காலியாக விட்டுக் கிள்ளுகிறார்கள். மொக்கையன் கோயில் கமிட்டியை விட்டு விலகிவிட்டார். காரணம் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் அவள்தான் மெம்பர். இன்னும் நாலரை வருடத்துக்கு அவள் கையெழுத்து இல்லாமல் இந்த மேட்டுக்கு ஒன்றும் நடக்காது. பென்ஷனுக்கு, வீட்டு மனைக்கு, தண்ணீர்க் குழாய்க்கு என்று இங்கே மலையாளத்தில் அபேட்சை என்று சொல்லும் விண்ணப்பங்களைக் கொண்டுவந்து அவள் வாசல் படியில் வைத்து, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போகிறார்கள். கூப்பிடுவதில்லை. அவள் வேலை முடிந்து வந்து ஒவ்வொன்றாக எடுத்து, என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, கையெழுத்துப் போட்டு, மறுநாள் காலையில் அதே கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு வயலுக்குப் போகிறாள். சரியாக எழுதாததை என்னைக்கொண்டு திருத்தி எழுத வைக்கிறாள். ஒன்றைக்கூட அவள் தாமதப்படுத்தி நான் பார்க்கவில்லை.

நேற்று கல்லுக்கு அடியில் இருந்தது வீரபாண்டியின் விண்ணப்பம். ஊனமுற்றோர் பென்ஷன். திருப்பூரிலிருக்கும் மகனுக்காகக் குருவம்மாள் கைநாட்டு வைத்திருந்தாள். ஊனத்தின் காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

அதில் என்ன எழுத வேண்டும் என்று அத்தை என்னைக் கேட்டாள். விபத்து என்று எழுதினால் போதும், யாரும் விசாரிக்க மாட்டார்கள் என்றேன். தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பென்சிலால் எழுத்துக் கூட்டி ஏதோ எழுதினாள். விபத்து என்ற ஒரு சொல்லுக்கு ஆகிற நேரத்தைவிட வெகுநேரம் எழுதினாள். பிறகு கீழே கையெழுத்துப் போட்டு, மடித்து, என்னிடம் காட்டாமல் கல்லுக்கு அடியில் வைத்தாள்.

இன்று காலை நான் எழுந்து பார்க்கும்போது தாள் இல்லை. கல் மட்டும் இருந்தது.